மோட்டார் ஆனிங்கும் பாலைவனக் காற்றும்: சென்சாரை நம்பலாமா?

கேள்வி:

வணக்கம் அண்ணா. டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். போன வருடம், வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் வீடு மாதிரியான பழைய ட்ராவல் ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். பக்கவாட்டில் 18 அடி நீள மோட்டார் ஆனிங், அதாவது சுவிட்சைத் தட்டினால் விரிந்து சுருளும் நிழல் துணிக்கூரை, காற்று சென்சாருடன். இந்த ஏப்ரலில், ஆரல்வாய்மொழியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ அருகே ஒரு முகாமில் தங்கினோம். மதியம் நானும் கணவரும் பிள்ளைகளும் ஒயிட் சாண்ட்ஸ் மணல்மேடுகளைப் பார்க்கப் போனோம். அப்பா வரவில்லை, ஆனிங்குக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சென்சார்தான் இருக்கிறதே என்று விரித்தபடியே விட்டுவிட்டுப் போனோம். மூன்று மணிவாக்கில் காற்று கிளம்பியிருக்கிறது. ஆனிங் தானாக உள்ளே போகவில்லை. அப்பா எழுந்து, துணி சுருளும் முன்பக்கக் குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். அது அவர் தோளில் அடித்துவிட்டுக் கூரைமேல் புரண்டுவிட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனிங்கைத் தாங்கும் இரண்டு உலோகக் கைகளில் ஒன்று வளைந்துவிட்டது, துணி மேல்பக்கம் இரண்டடி கிழிந்திருக்கிறது. பக்கத்து முகாம்காரர்கள் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள், அப்படியே வீடு வந்து சேர்ந்தோம். சென்சார் ஏன் வேலை செய்யவில்லை? எவ்வளவு காற்று வரைக்கும் விரித்து வைக்கலாம்? முளை அடித்துக் கட்டிவிட்டால் தாங்குமா? அப்பா அம்மா ஆகஸ்டு வரை இங்கேதான் இருக்கிறார்கள். இன்னொரு முறை போக ஆசைப்படுகிறோம்.

பதில்:

வணக்கம். முதலில் அப்பாவைப் பற்றி. வீக்கம் வற்றிவிட்டாலும், கையைத் தலைக்குமேல் தூக்கும்போது வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த வயதில் தோள் தசைநார் கிழிந்திருந்தால் வெளியே தெரியாமலே இருக்கும். ஆனிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், தயவுசெய்து அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் அரிசோனாவில் 14 வருடமாக ஆர்வி, அதாவது உங்களுடையது போன்ற வீட்டு வண்டிகளை, பழுது பார்த்து வருகிறேன். ஆனிங் காற்றில் எழும்பும்போது கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது அதைத்தான், ஓடிப்போய்க் குழாயைப் பிடிப்பது. வீட்டுச் சாமான் பறந்து போனால் கை தானாக நீளும். ஆனால் என்ன நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆனிங் 18 அடி நீளம், விரித்தால் வெளியே 8 அடி நீளும் என்று வைத்துக்கொள்வோம். 144 சதுர அடித் துணி. மணிக்கு 20 மைல் காற்று அதன் முகத்தில் நேராக மோதினால் சுமார் 67 கிலோ விசை. அதே காற்று 30 மைல் ஆனால் 150 கிலோ, 40 மைல் ஆனால் 265 கிலோவுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிவிடும். அப்பாவின் எடை என்ன இருக்கும்? அறுபது, அறுபத்தைந்து? அந்தக் குழாயில் அப்பாவோடு இன்னொருவர் தொங்கியிருந்தாலும் நிற்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இது அம்மி இல்லை, பாய்மரம்.

அப்பா ஆரல்வாய்மொழிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கணவாயில் அடிக்கும் காற்று பலமானதுதான். ஆனால் ஒரே திசையில், ஒரே சீராக, மணிக்கணக்கில் அடிக்கும். அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நீங்கள் போன இடத்துக் காற்று அப்படியல்ல. நியூ மெக்சிகோவிலும் மேற்கு டெக்சாஸிலும் மார்ச் முதல் மே வரை காற்றுக் காலம். காலையில் இலை அசையாது. தரை சூடேறச் சூடேற, மேலே ஓடிக்கொண்டிருக்கும் வேகமான காற்று மதியத்துக்கு மேல் கீழே இறங்கிவரும். அதுவும் விட்டுவிட்டு, மூச்சு வாங்கி வாங்கி அடிக்கும். பத்து மைலில் இருப்பது சில நொடிகளில் முப்பதைத் தொடும். காற்றோடு பழகியவர் என்பதாலேயே அப்பா அதை லேசாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது சென்சார். உங்களைப் போலவே நிறையப் பேர் அதைக் காவல்காரன் என்று நினைக்கிறார்கள். பெயரே அப்படி நினைக்க வைக்கிறது, காற்று சென்சார். ஆனால் ஆர்வி ஆனிங்குகளில் வரும் சென்சார்களில் பல காற்றின் வேகத்தை அளப்பதே இல்லை. முன்பக்கக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, குழாய் எவ்வளவு ஆடுகிறது, குதிக்கிறது என்று பார்க்கின்றன. ஆட்டம் ஓர் அளவைத் தாண்டினால் மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் சுருட்டும். இதில் கோளாறு வர ஐந்தாறு வழி இருக்கிறது.

காற்று ஒரே பக்கமாகச் சீராகத் தள்ளினால் துணி விறைத்து நிற்கும், குழாய் ஆடாது. சென்சாருக்கு எல்லாம் அமைதியாக இருப்பதுபோலத் தெரியும். அந்த விறைப்பின்மேல் ஒரு பெருவீச்சு வந்து விழும்போதுதான் குழாய் அசையும். அப்போது அசைவு ஆட்டமாக இருக்காது, ஒரேயடியாகத் தூக்கிவிடும். இரண்டாவது, நேரம். 18 அடி ஆனிங் முழுக்க விரிந்த நிலையிலிருந்து சுருண்டு முடிய, என் அனுபவத்தில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகும். காற்றுக்கு ஐந்து நொடி போதும். மூன்றாவது, துணி ஒருமுறை மேல்நோக்கி உப்பிவிட்டால் அந்தச் சின்ன 12 வோல்ட் மோட்டாரால் அதை இழுக்க முடியாது. குழாயைச் சுழற்றத்தான் அந்த மோட்டார், காற்றோடு மல்லுக்கட்ட அல்ல.

இதெல்லாம் சென்சார் ஒழுங்காக இருக்கும்போதே நடப்பது. உங்களுடையது பழைய ட்ரெய்லர் என்பதால் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ட்ரெய்லரின் பேட்டரி துண்டிப்பு சுவிட்ச் அணைந்திருந்ததா? அணைந்திருந்தால் ஆனிங்குக்கு மின்சாரமே இல்லை. சில மாடல்களில் தானியங்கி நிலையைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். கையால் ஒருமுறை விரித்து மூடினால் அது அணைந்துவிடும் ரகமும் உண்டு. கம்பியில்லா சென்சார் என்றால் அதற்குள் தனி பேட்டரி இருக்கும். முன்பு வைத்திருந்தவர் அதை எப்போது மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் பலவற்றில் இருக்கிறது. லேசான காற்றுக்கெல்லாம் சுருண்டு தொல்லை தருகிறது என்று முந்தைய சொந்தக்காரர் அதைக் கடைசிக்குக் குறைத்து வைத்திருப்பதை நான் எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். சோதிப்பது சுலபம். பழுது பார்த்த பிறகு, காற்றே இல்லாத ஒரு காலையில் ஆனிங்கைப் பாதி விரித்து, தானியங்கி நிலையில் வைத்துவிட்டு, முன்குழாயின் ஓரத்தைக் கையால் மேலும் கீழும் நாலைந்து முறை ஆட்டுங்கள். தலை அதற்கு நேர்கீழே இருக்க வேண்டாம். சுருள ஆரம்பித்தால் உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் கையேட்டைப் பார்த்து மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

ஆனால் சோதனையில் தேறினாலும் என் பேச்சு மாறாது. சென்சார் இருக்கிறது என்பதற்காக ஆனிங்கை விரித்துவிட்டு வெளியே போகக் கூடாது. விரித்துவிட்டுத் தூங்கக் கூடாது. ஆனிங் வெளியே இருக்கிறதென்றால், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அதன் அருகில் விழித்திருக்க வேண்டும். அப்பா அருகில்தான் இருந்தார், விழித்துத்தான் இருந்தார். சுவிட்ச் அவருக்குத் தெரிந்திருந்ததா? அநேகமாக நீங்கள் காட்டியிருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு யாரும் இதைக் காட்டுவதில்லை. கதவுப் பக்கத்துப் பலகையில் விளக்கு, தண்ணீர் பம்ப், தண்ணீர் சூடாக்கி, ஸ்லைடு (சுவரிலிருந்து வெளியே நீளும் அறைப் பகுதி), ஆனிங் என்று எட்டுப் பத்து சுவிட்ச் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே கறுப்பு, பொடி எழுத்தில் எக்ஸ்டெண்ட் (விரி), ரிட்ராக்ட் (சுருட்டு). மணல் கண்ணில் அடிக்கும்போது அதைத் தேடிப் படிக்க யாராலும் முடியாது. ஒரு வெள்ளை டேப் எடுத்து ‘ஆனிங் உள்ளே’ என்று தமிழில் பெரிதாக எழுதி அந்த சுவிட்சின் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்பா அம்மா இரண்டு பேரையும் ஆளுக்கு இரண்டு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும், முழுக்கச் சுருளும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது கையில் பழக வேண்டும்.

எவ்வளவு காற்று வரைக்கும் என்று கேட்டீர்கள். உங்கள் ஆனிங்கின் கையேட்டில் ஓர் எண் இருந்தால் அதுதான் சட்டம். நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இது. முன்னறிவிப்பில் சீரான வேகத்தைப் பார்க்காதீர்கள், வீச்சு, அதாவது இடையிடையே திடீரென்று எகிறும் வேகம், என்று தனியாகப் போட்டிருப்பார்களே, கஸ்ட், அதைப் பாருங்கள். அது 15 மைலுக்குள் என்றால் நிம்மதியாக உட்காரலாம். 15லிருந்து 20 என்றால் பாதிதான் விரிப்பேன், பக்கத்திலேயே இருப்பேன். 20ஐத் தாண்டும் என்று போட்டிருந்தால் காலையிலேயே சுருட்டிவிடுவேன், அப்போது வெளியே இலை அசையாவிட்டாலும் சரி. தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் உங்கள் முகாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் தொட்டால் மணிவாரியாக இந்த வீச்சு எண் வரும். காலைக் காப்பியோடு அதைப் பார்க்கப் பழகுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘காற்று எச்சரிக்கை எதுவும் வரவில்லையே’ என்று பலர் என்னிடம் சொல்வார்கள். அந்தச் சேவை பெரும்பாலான ஊர்களில் காற்று அறிவிப்பு விடுவதே 31 மைல் சீரான காற்றுக்கு அல்லது 46 மைல் வீச்சுக்குத்தான். அது மரக்கிளைக்கும் உயரமான லாரிக்கும் போட்ட அளவு. உங்கள் ஆனிங் அதற்கு வெகு முன்பே கூரைக்குப் போயிருக்கும். அறிவிப்பு வரவில்லை என்பதை ஆனிங் விரிக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபோனில் சிக்னல் இல்லாத இடங்களில் கண்ணே போதும். தரையில் தூசியும் காகிதமும் எழும்பிப் பறக்க ஆரம்பித்தால் காற்று ஏறக்குறைய 13லிருந்து 18 மைலில் இருக்கிறது. சின்ன மரங்கள் இலையோடு சேர்ந்து ஆடினால் 19லிருந்து 24. மின்கம்பி விசிலடித்தால் 25ஐத் தாண்டிவிட்டது, அப்போது ஆனிங் வெளியே இருக்கவே கூடாது. தூசி எழும்பும்போதே எழுந்து சுவிட்சுக்குப் போய்விடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மறுபடி இந்தப் பக்கம் வருவதானால் ஆபத்து வேறு உருவில் வரும். அரிசோனாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் அது மழைக்காலம். ஜூன் 15லிருந்து செப்டம்பர் 30 வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தூரத்து மேகத்திலிருந்து மழைக்கால் இறங்குவது தெரியும், ஆனால் தரையைத் தொடாது. பாதி வழியிலேயே வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், எல்லோரும் படம் எடுப்பார்கள். அப்படி ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று தரையை நோக்கிக் கொட்டும். கொட்டியது நாலாபக்கமும் சிதறி ஓடும். மேகம் பல மைல் தள்ளி இருக்கும், உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று முகத்தில் ஒரு குளிர்ந்த காற்று படும். அந்தக் குளிர்ச்சிதான் உங்களுக்குக் கிடைக்கும் கடைசித் தகவல். சுகமாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தொடுவானத்தில் இப்படி மழைக்கால் தொங்குவதைப் பார்த்தாலே நான் என் ஆனிங்கைச் சுருட்டிவிடுவேன்.

சுழிக்காற்று இன்னொன்று. அதற்கு மேகமும் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் குவார்ட்ஸ்சைட்டுக்கு வேலையாகப் போயிருந்தேன். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆர்விகள் வந்து பாலைவனத்தில் தங்கும் ஊர் அது. தெளிந்த வானம், பதினொரு மணி. இருபதடி தள்ளி நிற்கும் வண்டியில் கொடிகூட அசையவில்லை. ஒரு தூசிச் சுருள் ஆள் உயரத்தில் ஆடி ஆடி வந்தது. வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் மூன்றாவது வண்டியின் ஆனிங்குக்குக் கீழே நுழைந்தது. ‘படக்’ என்று ஒரு சத்தம், துணி உப்பி இரண்டு கையும் மேலே மடங்கிவிட்டன. சுருள் அடுத்த வண்டியைத் தொடாமலே போய்விட்டது. வண்டிக்காரர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வது அன்றைக்குப் பார்த்ததிலிருந்துதான்.

சரி, முளை அடித்துக் கட்டுவது. வேண்டாம் என்பதே என் பதில். ஏன் மற்றவர்கள் கட்டுகிறார்கள் என்றால், பழைய கைமுறை ஆனிங்குகளில் கைகளைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் ஊன்றி முளை அடிக்கலாம். நாலு கால் பந்தல்போல நிற்கும். பலம் தரைக்குப் போகும். அந்தப் பழக்கம் மோட்டார் ஆனிங்குக்கும் தொற்றிக்கொண்டது. மோட்டார் ஆனிங்கின் கைகள் சுவரிலேயே இருக்கின்றன, முன்குழாய் அந்தரத்தில் தொங்குகிறது. அதைப் பட்டை போட்டுத் தரைக்கு இழுத்தால் மேலே தூக்குவது குறையும்தான், ஆனால் துணி காற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும், அந்த விசை முழுவதும், துணியைச் சுவரோடு பிடித்திருக்கும் மேல் ரெயிலுக்கும் சுவர்த் திருகுகளுக்கும் போகும். அதைவிட மோசம், பட்டை கட்டியிருக்கும்போது சென்சார் விழித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டினால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். உங்கள் கையேடு பட்டையை அனுமதித்தால், தானியங்கி நிலையை அணைத்துவிட்டு, லேசான காற்றில் துணி படபடக்காமல் இருக்க மட்டும் கட்டலாம். பலத்த காற்றுக்கு மருந்து என்று நினைத்துக் கட்டாதீர்கள். துணி ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகளும் அப்படித்தான், படபடப்பை நிறுத்தும், தாங்கும் சக்தியைக் கூட்டாது.

முளையைவிடப் பலன் தருவது வண்டியை நிறுத்தும் திசை. அமெரிக்க வண்டிகளில் ஆனிங் வலது பக்கம் இருக்கும். தென்மேற்குப் பகுதியில் வசந்தக் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தினால் ஆனிங் கிழக்கே வரும், ட்ரெய்லரே காற்றுக்குச் சுவராகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. மதியத்துக்கு மேல் வெயில் மேற்கே போய்விடுமல்லவா, அப்போது கிழக்குப் பக்கத்தில் ட்ரெய்லரின் நிழலே நாற்காலி போடும் அளவுக்கு விழும். காற்று எழும்பும் நேரமும் அதுதான். அப்பாவுக்கு அந்த நேரத்தில் ஆனிங்கே தேவைப்படாது. மின்சாரமும் தண்ணீரும் இணைக்கும் முகாம்களில் இணைப்புகள் இடது பக்கத்துக்கென்றே வைத்திருப்பார்கள், திசையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முன்பதிவு செய்யும்போதே எந்த இடம் வடக்கே பார்க்கிறது என்று ஃபோனில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த முறை காற்று முந்திக்கொண்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் ஆனிங்குக்குக் கீழிருந்து விலக்கி உள்ளே அனுப்புங்கள். கதவு துணியில் உரசாதபடி சாத்திவிட்டு, உள்ளே இருக்கும் சுவிட்சிலிருந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சுருட்டுங்கள். காற்று இடையிடையே மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் அழுத்துங்கள். துணி மேலே உப்பும்போது விட்டுவிட்டு, தணிந்ததும் மறுபடி அழுத்துங்கள். பாதி சுருண்டாலே பரப்பும் பாதியாகிவிடும், பிறகு அடங்கும். குழாயை யாரும் பிடிக்க வேண்டாம், ஏணி போட வேண்டாம். அதையும் மீறிக் கூரைமேல் புரண்டால் விட்டுவிடுங்கள். ஆனிங்கின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, காற்று ஓயும் வரை உள்ளே இருங்கள். துணியும் கையும் கடையில் கிடைக்கும்.

இனி உங்கள் வாசலில் இப்போது நிற்கும் ட்ரெய்லர். இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, எனக்கு இதுதான் அதிகக் கவலை. வளைந்த கையும் கிழிந்த துணியும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாதது சுவர். ஆனிங் புரளும்போது கைகள் வெறுமனே வளைவதில்லை. சுவரில் அவற்றைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளை நெம்பிவிட்டுத்தான் வளைகின்றன. திருகு ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தால் போதும். தண்ணீர் புகாமல் சுற்றிலும் பூசிய சீலன்ட் விட்டுப்போய், ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். உள்ளே மரச் சட்டம் என்றால் ஊறி அழுகும். வெளிச்சுவர் கொப்புளம்போல உப்பிக்கொண்டு வரும். ஆனிங் மாற்றுவதைவிடச் சுவர் மாற்றுவது பல மடங்கு செலவு. புது ஆனிங் போட்டு ஒரு வருடம் கழித்துச் சுவர் அழுகி வந்த வண்டிகளைப் பார்த்து எனக்கே மனம் கஷ்டப்பட்டிருக்கிறது. போன முறை யாராவது பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

எனவே இந்த வாரமே பாருங்கள். நான்கு பிராக்கெட்டிலும், அதாவது இரண்டு கைக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று, ஓரத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்று உள்வாங்கக் கூடாது. திருகைத் திருப்புளியால் லேசாக இறுக்கிப் பாருங்கள். பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினால் உள்ளே மரம் போய்விட்டது. மேலே துணி நுழைந்திருக்கும் நீண்ட ரெயிலையும் ஓரத்திலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள், நேர்க்கோடாக இருக்கிறதா, எங்காவது சுவரைவிட்டு விலகியிருக்கிறதா என்று. கிழிந்த அந்த இரண்டடிக்கு நேர் மேலே கட்டாயம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பழுது பார்க்கும் வரை அந்தப் பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். பழுது பார்ப்பவரிடம், பிராக்கெட்டுகளையும் ரெயிலையும் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் ஒட்டுப்பட்டை) வைத்துப் புதிதாகப் பொருத்தச் சொல்லுங்கள். பழையதன்மேலேயே பூசினால் நிற்காது.

அதுவரை மோட்டாரை ஓட்டாதீர்கள். வளைந்த கையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தவும் வேண்டாம். அலுமினியம் ஒருமுறை மடிந்த இடத்தில் மறுபடி மடியும். கைகளுக்குள், அவற்றைத் தள்ளி விரிக்கும் கேஸ் ஸ்ட்ரட் என்ற வாயுத் தண்டில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. குழாயின் ஒரு முனைக்குள் முறுக்கேறிய ஸ்பிரிங் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பழகிய பட்டறையில் ஒருவர் அந்த ஸ்பிரிங்குக்குப் பூட்டு ஊசி போடாமல் முனைமூடியைக் கழற்றினார். அது சுழன்ற வேகத்தில் மணிக்கட்டு உடைந்தது. இதெல்லாம் வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. ஒரு பக்கத்து ஸ்ட்ரட் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போய், துணி கோணலாகச் சுருளும்.

சரிசெய்த பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். விரிக்கும்போது துணி முழுக்க வெளியே வந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் அழுத்தினால் குழாய் தொடர்ந்து சுழன்று துணியைத் தலைகீழாகச் சுருட்ட ஆரம்பிக்கும். துணி குழாயின் மேல்பக்கமாகச் சுருள வேண்டும், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் தப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தூறலில் ஒரு முனையை மற்றதைவிடத் தாழ்த்தி வையுங்கள், தண்ணீர் வழிந்துவிடும். தேங்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. ஈரத்தோடு சுருட்ட வேண்டி வந்தால் தயங்காமல் சுருட்டுங்கள், ஓரிரு நாளில் விரித்துக் காய வைத்தால் பூஞ்சை பிடிக்காது. கைகளின் மூட்டுக்கு எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள், பாலைவன மணல் அதில் ஒட்டிக்கொண்டு அரம்போல அறுக்கும். உலர் சிலிகான் ஸ்ப்ரே போதும்.

கிளம்பும்போது, ஆனிங் முழுக்க மூடியிருக்கிறதா என்று வெளியே நின்று பாருங்கள். குழாய் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 65 மைலில் போகும்போது எதிர்க்காற்றோடு பக்கக்காற்றும் சேர்ந்து அந்தச் சுருளுக்குள் விரல் விட்டுப் பார்க்கும். பயணப் பூட்டு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு கைகளையும் சுற்றி ஒரு பட்டை கட்டுங்கள். பட்டைக்குத் தேவை இங்கேதான். ஓடும்போது யாரும் தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிடாதபடி ஆனிங்கின் மின்சாரத்தையும் அணைத்துவிடுங்கள். முகாமில் பட்டையை அவிழ்க்காமல் சுவிட்சை அழுத்துவதும் அடிக்கடி நடக்கிறது, அதனால் பட்டைக்குச் சிவப்பு நிறமாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ட்ரெய்லரில் ஸ்லைடு இருந்து, அதன்மேல் சின்னத் துணிக்கூரையும் இருந்தால், காற்று பலமாக அடிக்கும் இரவில் ஸ்லைடையும் உள்ளே இழுத்துவிடுங்கள். அதைச் சுருட்ட வேறு வழி கிடையாது.

நான்கு பிராக்கெட்டுகளையும் மேல் ரெயிலையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். திருகுத் தலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி தெரிய வேண்டும், அதற்குப் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். பார்த்துவிட்டு, பட்டறைக்குப் போவதற்கு முன்பே அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். அப்பாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.